சாம்பிள் ஏலக்காயும் ஒரு டம்ளர் தண்ணீரும்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். காலை எட்டேகால் ரயிலில் ஏறியபோது என் பையில் ஒரு குடை, இரண்டு சப்பாத்தி, ஆய்வேட்டின் பாதி எழுதிய மூன்றாம் அத்தியாயம். இஸ்லாமியச் சட்ட நூல்களில் கொடுக்கல் வாங்கல் பகுதிதான் என் துறை. கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்வார்கள். மற்றவர்கள் கெய்ரோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் போகிறார்கள், நஸீமா போடிக்குப் போகிறாள் என்று. போகட்டும். கெய்ரோவில் ஏலக்காய் ஏலம் கிடையாதே.

நான் போனது ஒரே ஒரு கேள்விக்காக. சரக்கு எங்கோ கிடங்கில் மூட்டையாகக் கிடக்க, அதில் ஒரு கைப்பிடியை மட்டும் பார்த்து விலை பேசி வாங்கினால் அந்த வியாபாரம் செல்லுமா? கோதுமையையும் பேரீச்சம்பழத்தையும் வைத்துப் பழைய சட்ட அறிஞர்கள் இதைப் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். அதையே இன்றைக்கும் செய்கிற ஊர் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டி, மலை ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்ததும் போடி வந்துவிட்டது. பத்தரை மணி, லேசான தூறல்.

ஏல மையத்துக்குள் என்னை அழைத்துப் போனவர் சலீம், என் தோழியின் சித்தப்பா, ஏலக்காய் வியாபாரி. உள்ளே கூச்சலே இல்லை. ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது மூட்டைத் தொகுதிக்கும், ஒரு சாம்பிள் பொட்டலம் கைக்கு வருகிறது. பிரித்துத் தட்டில் கொட்டி நிறம் பார்க்கிறார்கள், ஒன்றைக் கடித்துப் பார்க்கிறார்கள், விலை கேட்டுப் பட்டனை அமுக்குகிறார்கள். பிறகு தட்டில் இருப்பதை அப்படியே தரையில் கொட்டிவிடுகிறார்கள். அடுத்த சாம்பிளுக்குத் தட்டு காலியாக வேண்டுமே. பாயசத்துக்கு நாலு காய் எண்ணிப் போடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தப் பச்சைத் தரையில் கால் வைக்கவே கூசியது. அன்று முழுக்க என் செருப்பு மணந்தது.

தரையில் கொட்டுகிற காய் விற்பனையில் சேர்த்தியா என்று சலீமிடம் கேட்டேன். இல்லை, சாம்பிள் தனி, மூட்டை தனி என்றார். மூட்டையில் வேறு தரம் இருந்தால்? திருப்பிவிட வழி உண்டாம். நான் பரபரப்பாகப் பேனாவை எடுத்தேன். என் கேள்வியின் முழு விடையும் அந்தத் தரையில்தான் கிடந்தது. சலீம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இதே கேள்வியால ஏலத்த விட்டுட்டுப் போன மனுசன் ஒருத்தரு இருக்காரும்மா. மலைக்கு மேல கடை வெச்சிருக்காரு. பாத்துட்டு வர்றியா?" என்றார்.

அவர் காசிம் ராவுத்தர். தம்பி இபுராகிமுடன் சேர்ந்து போடியில் ஏலம் எடுத்தவர். இருபது வருஷம் இருக்கும், ஒரு நோன்பு மாதத்தில் கடற்கரை ஊரிலிருந்து மார்க்கம் படித்த பெரிய ஆலிம் ஒருவர் பள்ளிவாசலில் பயான் பேச வந்திருந்தார். தரையில் கொட்டுகிற சாம்பிளைச் சொல்லி, இந்த வியாபாரம் கூடுமா என்று அவரிடம் காசிம் கேட்டார். கூடாது என்று பதில் வந்தது. காசிம் மறுநாளிலிருந்து ஏலத்துக்குப் போகவில்லை. தம்பி ஏலத்தை விடவில்லை. அன்றிலிருந்து தம்பியோடு பேச்சு உண்டு, பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தொழுகையும் உண்டு. கூடாத வியாபாரத்துக் காசு என்று தம்பி வீட்டில் மட்டும் கை நனைப்பதில்லை. அந்தத் தம்பி போன வருஷம் மௌத்தாகிவிட்டார்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்ட மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நானும் கடற்கரை ஊர்க்காரிதான். அங்கே நாங்கள் ஷாபி மத்ஹப், அதாவது அந்தச் சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்கள். சாம்பிளும் விற்பனையில் சேர்ந்திருந்தால்தான் அதைப் பார்த்து வாங்குவது செல்லும் என்பது எங்கள் நூல்களில் உள்ளது. ராவுத்தர்மார்களோ ஹனபி. அவர்கள் நூல்களில் சாம்பிளைப் பார்த்தாலே போதும், மற்றது மட்டமாக இருந்தால் திருப்பிவிடலாம். ஆலிம் தன் வழிப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீ எந்த மத்ஹப் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நாங்கள் தொழுகையில் தொப்புளுக்கு மேலே கை கட்டுவோம், அவர்கள் கீழே. ஒருவர் கையை ஒருவர் பார்த்திருந்தாலே போதும். தொழுகையில் பக்கத்து ஆள் கையை யார் பார்க்கிறார்கள்?

பன்னிரண்டரைக்கு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற பூப்பாறைக்குப் போகும் ஜீப். முன் சீட்டுக்கு நூறு ரூபாய். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. போடிமெட்டில் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. ஓட்டுநர் முருகனுக்கும் காசிமைத் தெரிந்திருந்தது. "தம்பி சாவுக்கு வந்தாரு. எல்லாருக்கும் டீ குடுத்தாங்க. இவரு மட்டும் வேணாம்னுட்டு மழையில நின்னாரு" என்றார். வளைவுக்கு வளைவு எனக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. தெரிந்ததைச் சொன்னால் அவருக்கு மிச்சம் இருப்பது என்ன? சொல்லாமல் வந்தால் நான் படித்தது எதற்கு?

கேரள எல்லைக்குள், சாலையோரம் தகரக் கூரைக் கடை. ரப்பர் பூட்சு, அரிசி, சோப்பு, தோட்ட வேலைக்காரர்களுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. ஏலமலையின் நடுவில் ஏலக்காய் மட்டும் இல்லாத கடை. காசிம் ராவுத்தர் ஒல்லியான மனிதர், வெள்ளைத் தாடி, சுத்தமான சட்டை. எனக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். கடற்கரைக்காரி என்றதும், உங்க ஊர் ஆலிமுக்கு ஈடு கிடையாது என்றார். நான் சாயாவைக் கீழே வைத்தேன்.

பிறகு வேறு யாரிடமாவது கேட்டீர்களா என்றேன்.

"ஒருத்தருகிட்ட கேட்டாச்சு. புடிச்ச பதிலு கெடைக்கிற வரைக்கும் நாலு பேருகிட்ட போய் நின்னா அது மார்க்கமா, யாவாரமா?"

நீங்கள் ஹனபி அல்லவா என்று மெதுவாகக் கேட்டேன். மத்ஹப் எல்லாம் தொழுகைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நான் ஆலிம் இல்லை, ஆய்வு செய்கிறவள்தான், அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்று கருத்தரங்கில் பேசுவதுபோல் சுற்றி வளைத்தேன்.

"சுத்தாத ஆத்தா. என் தம்பி வீட்டுல நான் தண்ணி குடிச்சிருக்கலாமா, கூடாதா?"

"உங்க மத்ஹப்படி குடிச்சிருக்கலாம், மாமா."

அவர் கோபப்படவில்லை. அழவுமில்லை. கல்லாப் பெட்டியைப் பூட்டினார், கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினார். பூப்பாறையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த முருகனின் ஜீப்பை அவரே கை காட்டி நிறுத்தி, வெரசா போப்பா என்றார்.

மலையிறங்கும்போது எங்கள் ஊர் மீன் ஏலத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே முழுக் குவியலும் மணலில் கண்ணெதிரே கிடக்கும், பார்த்துத்தான் கேட்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த ஒரு ஆலிமுக்குக் கிடங்கில் கிடக்கிற மூட்டை எப்படித் தோன்றியிருக்கும்? அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

போடியில் தம்பி வீட்டு வாசலில் இறங்கியபோது ஐந்து மணி. தம்பி மனைவி ஜைனம்பு கதவைத் திறந்தார். காசிம் படியேறி உள்ளே போய் உட்கார்ந்தார். வழக்கமாக வாசலோடு நிற்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"குடிக்கத் தண்ணி கொண்டா ஆத்தா. குடிக்கலாமாம். எனக்குத் தெரியாமப் போச்சு."

ஜைனம்பு ஒரு டம்ளர் கொண்டுவந்தார். உடனே கொடுக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அவரு இருக்கும்போது ஒரு மடக்கு குடிச்சிருந்தா, அது தப்பாவே இருந்தாலும் அல்லா மன்னிச்சிருப்பான், பெரிய மச்சான்."

காசிம் ராவுத்தர் தலையாட்டினார். எந்த நூலையும் புரட்டாமல் வந்த தீர்ப்பு அது. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மி சொல்லி, மூன்று மடக்காகக் குடித்தார். இன்னும் கொஞ்சம் என்று டம்ளரை நீட்டினார். அந்த அம்மா ஊற்றினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் எழுந்தேன். இருவருமே என்னை இருக்கச் சொல்லவில்லை.