பதினெட்டு என்று எழுத மாட்டேன்

தாதியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் எங்களைக் கிள்ளானில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, காலை ஏழு மணிக்கு எலும்பு முறிவு வார்டில் நிற்பேன். என் பொறுப்பில் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அங்கிள். தொடை எலும்பு முறிந்து, அறுவை முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

அவருடைய அட்டவணையில் காய்ச்சலும் நாடியும் ரத்த அழுத்தமும் வேளைக்கு வேளை மாறியிருந்தன. மூச்சு மட்டும் நான்கு நாட்களாக நிமிடத்துக்குப் பதினெட்டு. கையெழுத்துகள் வேறு, எண் ஒன்றுதான்.

கல்லூரியில் முதல் மாதமே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிக்க வேண்டும்; எண்ணுவது தெரிந்தால் மனிதர்கள் தங்களை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அன்று மதியம் அப்படித்தான் எண்ணினேன். இருபத்தெட்டு வந்தது; இருபதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். மறுபடி எண்ணினேன். அதேதான். பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை அவர் நின்று நின்று மூச்சு வாங்கினார்.

வார்டின் மூத்த தாதியிடம் போனேன்.

"அக்கா, எட்டாம் பெட் அங்கிளுக்கு மூச்சு இருபத்தெட்டு."

"ஆக்சிஜன் எவ்ளோ?"

"தொண்ணூத்தஞ்சு."

"அப்புறம் என்ன, ஓகே லா. வலியில இருப்பாரு. பதினெட்டு போட்டுட்டு வா."

"நான் எண்ணினதத்தான் எழுதுவேன்க்கா."

"உனக்கு ரெண்டு பேஷன்ட், எனக்கு இருபது. ஒவ்வொருத்தர் நெஞ்சையும் ஒரு நிமிஷம் பாத்துட்டு நின்னா மத்த வேலைய நீயா செய்வ?"

அவர் கண்ணெதிரிலேயே இருபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முகப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த டாக்டரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் எரிச்சலோடுதான் எழுந்து வந்தார். அங்கிளின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டதும் முகம் மாறியது. அரை மணி நேரத்தில் ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் ரத்தக் கட்டி. அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவு.

ஒரு வாரம் கழித்து அவர் வார்டுக்குத் திரும்பி வந்தார். "மிஸ்ஸி, அன்னிக்கு என் கைய ஏன் அவ்ளோ நேரம் புடிச்சிக்கிட்டு நின்னீங்க?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "நான் நாடி பாக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தார்.

என் பயிற்றுநர் சிரிக்கவில்லை. "அவர் பிழைச்சது சந்தோஷம். ஆனா நீ ஸ்டுடன்ட். ஸ்டாஃப தாண்டி டாக்டர்கிட்ட போனது தப்பு. ஒரு சாரி லெட்டர் எழுதிக் குடு."

கடிதம் எழுதினேன். எத்தனை மணிக்கு எண்ணினேன், எவ்வளவு வந்தது, யாரிடம் சொன்னேன், என்ன பதில் கிடைத்தது, எல்லாம் இருந்தன. மன்னிப்பு மட்டும் இல்லை. என் பயிற்சிக் கையேட்டில் கையெழுத்து விழவில்லை. மூன்று வாரம் அதே வார்டில் திரும்பச் செய்ய வேண்டும் என்றார்கள்.

"சாரின்னு ஒரு வார்த்தை எழுதினா உன் கை தேஞ்சிடுமா?" என்றார் அம்மா.

"தேஞ்சிடும்" என்றேன்.

அந்த மூன்று வாரத்துக்குள் தைப்பூசம் வந்தது. தம்பி பத்துமலையில் காவடி எடுத்தான். நான் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. கடிதத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் அந்த அக்காவே பேச்சை எடுத்தார்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல. நானும் ஒரு காலத்துல எண்ணினவதான். மூணு பேர் பாக்கற வார்ட ஒருத்தியா பாத்தா உனக்குப் புரியும்."

"எண்ண முடியலன்னா காலியா விடுங்கக்கா. பொய் நம்பர் எதுக்கு?"

"ஏன் காலின்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். ஆளில்லன்னு சொல்லுங்க."

அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைச் சோம்பேறி என்று நான் நினைத்திருந்தது தவறு என்று அப்போதுதான் உறைத்தது. பொய் எண் மறைத்தது அவருடைய சோம்பலை அல்ல, ஆள் பற்றாக்குறையை. கட்டமெல்லாம் நிறைந்திருந்தால், மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் தெரியும்.

இப்போது வேறொரு மருத்துவமனையில் பதிவுபெற்ற தாதியாக இருக்கிறேன். அறுவை முடிந்து வந்தவர்களுக்கும் மூச்சு வாங்குகிறவர்களுக்கும் முதலில் எண்ணிவிடுவேன். மற்றவர்களுக்கு எண்ண முடியாத நாட்களில் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதுவேன். இரண்டு முறை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"ஆடிட் வருது. இத்தனை காலி இருந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"நான் எழுதியிருக்கறதையே சொல்லுங்க மேடம். ஆள் குடுங்க, எல்லாத்தையும் எண்ணித் தரேன்."

எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து மதிய வேளைக்கு ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். என்னால்தானா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த எச்சரிக்கைக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. எழுதிக் கேட்டால் எடுத்துவிடுவார்களாம். நான் கேட்கப்போவதில்லை.