வாயில் விரல்

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால், டவுன் பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் உட்காருவதுபோல, அந்த இடத்தில் இங்கிலீஷ் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் பேச்சும் உச்சரிப்பும் சொல்லிக்கொடுத்த மிஸ் அப்படித்தான் சொன்னார். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே அறை, ஒரே பெஞ்சு. நானும் என் நான்கு வயது மகளும் கிளாஸ்மேட்.

எல்லாம் அவளுடைய எல்.கே.ஜி. சீட்டுக்காக. கான்வென்டில் பிள்ளையோடு பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று தெரிந்த அன்றே அந்த மாடி வகுப்பில் இருவருக்கும் பணம் கட்டிவிட்டேன். பம்புசெட் கம்பெனியில் மோட்டாரை அக்கக்காகக் கழற்றிப் போடுகிறவன் நான்; இங்கிலீஷில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் நானே கழன்றுவிடுவேன்.

மிஸ்ஸுக்கு எங்கள் ‘ங்க’தான் பகை. “குட் மார்னிங்ங்க மிஸ்” என்றால் போச்சு. “அது பட்டிக்காட்டு வால். வந்துச்சுன்னா வாயில விரல் வெச்சு உக்காரணும்” என்பார். நான் பாதி வகுப்பு விரலோடுதான் இருந்தேன். மீசை வைத்த ஆளுக்கு அது வேடிக்கை. மகளுக்கு அப்படியில்லை. நாய்க்குட்டியைக்கூட “வாங்க” என்று கூப்பிடுகிற பிள்ளை அவள். மரியாதையாகப் பேசு என்று நாங்கள் பழக்கியதற்கு அங்கே தண்டனை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டிலும் தமிழ் கூடாது என்பது மிஸ்ஸின் உத்தரவு. எனக்கும் மனைவிக்கும் தெரிந்த இங்கிலீஷ் காலைக் காபியோடு தீர்ந்துவிடும். அப்புறம் கை ஜாடைதான். ரசம் வேண்டும் என்று நான் பிடித்த அபிநயத்தைப் பார்த்து அவள் தலைவலித் தைலத்தை எடுத்து வந்தாள். மகளும் சத்தமில்லாமல் இருந்தாள்.

“பாத்தியா, உள்ள ஊறிட்டிருக்குது” என்றேன் மனைவியிடம், ரகசியமாகத் தமிழில்.

“எதுங்க ஊறுது? புள்ள பேசியே நாளாச்சுங்க” என்றாள்.

இன்டர்வியூவில் சிஸ்டர் அன்பாகத்தான் பெயர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயில் விரலை வைத்துக்கொண்டாள். தமிழில் கேட்டுப் பார்த்தார், விரல் இறங்கவில்லை. நான் பதறிப்போய், மனப்பாடம் செய்து வைத்திருந்த என் உத்தியோகத்தையும் விலாசத்தையும் யாரும் கேட்காமலே ஒப்பித்தேன். “குழந்தைக்குப் பேச்சு வரல போல. டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் மனைவிக்குக் கண் சிவந்துவிட்டது. “ஊரையே கூட்டற வாயிங்க இது. இதப் போயி பேச்சு வரலீங்கறாங்க. அந்த மிஸ்ஸ நாலு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க!”

கேட்கத்தான் போனேன். மாடிப்படி நெடுக வசவுகளை அடுக்கிக்கொண்டே ஏறினேன். நான் வாயைத் திறந்ததும் மிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இன் இங்கிலீஷ், ப்ளீஸ்” என்றார். என் வாயிலிருந்து வந்தது, “தேங்க் யூ, மிஸ்.”

அன்று சொல்லாமல் விட்ட வசவெல்லாம் இன்னும் வரிசை மாறாமல் ஞாபகமிருக்கிறது. பட்டிக்காட்டு வாலாம்! ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு அதற்குப் பேச்சுப் பயிற்சி என்று போர்டு வேறு!

கான்வென்டில் சீட் கிடைக்கவில்லை. பீளமேட்டில் எங்கள் தெருவிலேயே இருந்த பள்ளியில் சேர்த்தோம். அங்கே யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும், வாயைத் திறப்பதற்கு முன் எங்கள் முகத்தைப் பார்க்கும் பழக்கத்தை அவள் விடுவதற்கு ஒரு வருடம் ஆனது.