ஜமீலா அக்கா ஒற்றை வார்த்தையில் சொல்லாதது

வெள்ளிக்கிழமை காலை. லேபின் ஷட்டரை ஏற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்து நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜமீலா அக்காவின் தங்கை சபுரா போன் செய்தார். "விமலா, அக்கா மௌத்தாயிட்டாங்கம்மா. ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் அடக்கம். வந்துரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கு முன்னால் பயம் வந்துவிட்டது. ரியாஸ் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் முதல் நினைப்பு.

ரியாஸ் அக்காவின் ஒரே மகன், துபாயில் வேலை. புதன்கிழமை மத்தியானம் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தான். "ஆன்ட்டி, அம்மாவைப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க ரிப்போர்ட்டைப் பாத்துச் சொல்லுங்க. நான் டிக்கெட் போடவா?" லீவு முடிந்து போய் இருபது நாள்கூட ஆகவில்லை அவனுக்கு. ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசியோடு படுத்திருந்த அக்காவின் ரத்தத்தில் சர்க்கரையும் சோடியம் உப்பும் பார்த்து முடித்திருந்தோம். இரண்டும் அளவுக்குள் இருந்தன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பரிசோதனை மட்டும் வரவில்லை. நான் சொன்னேன்: "நார்மல்தான் தம்பி. பதறாத. பெருநாளைக்கு வந்தாப் போதும்."

அந்த வார்த்தையை அப்படிச் சொல்லக் கூடாது என்று பதினைந்து வருடம் மல்லுக்கட்டிய மனுஷியின் மகனிடம் போய் அதைச் சொன்னேன். அவரைத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் லேப். ஜமீலா அக்கா உள்ளே டெக்னீஷியன், நான் வெளியே கவுன்டர். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவருடைய அத்தா, அதாவது அப்பா, தோல் வியாபாரம் செய்தவர். வீட்டுப் பெண்கள் யாரும் வேலைக்குப் போனதில்லை. அக்கா சண்டை போட்டு மதுரையில் போய்ப் படித்துவிட்டு வந்தார். எலும்பும் தோலுமாக வரும் கிழவர்களுக்கும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். வாய்தான் கொஞ்சம் அதிகம். ஊசிக்குப் பயந்து கையை இழுக்கும் ஆண்களிடம், "மீசையை வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல?" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள்.

ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போலத்தான். உள்ளே இருந்து "நார்மல்" என்று குரல் கொடுப்பார், நான் கவுன்டரில் "நார்மல்" என்று சொல்லி அனுப்புவேன். வெளியூர்க்காரர்கள் ரிப்போர்ட்டுக்காக இரண்டாவது தடவை பஸ் ஏறக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிடுவது எங்கள் லேப் வழக்கம். அந்த வழக்கம்தான் கருப்பையாவைக் கொல்லப் பார்த்தது.

கருப்பையா சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி. மாதக்கணக்கில் இருமல். ரத்தமும் சளியும் கொடுத்துவிட்டுப் போனார். ரத்தப் பரிசோதனை அன்றைக்கே முடிந்தது. சளியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். சாயங்காலம் அவர் போன் செய்தபோது, கவுன்டரில் கூட்டம் நெரிய, நான் "நார்மல்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். சளி ரிப்போர்ட் பின்னால் வந்தது. டிபி. அவருடைய போன் அணைந்து கிடந்தது.

அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "செருப்பைப் போடு விமலா. வீட்டுக்கே போவோம்" என்றார். சாணார்பட்டி போய் இறங்கி விசாரித்தால், வீட்டில் அவர் மனைவி சிரித்த முகமாக வந்தார். "நோவு ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னதும்தான் அந்தாளு சோறே தின்னுச்சு. வத்தலக்குண்டு மார்க்கெட்டுல மூட்ட தூக்கப் போயிருக்காக." பக்கத்தில் இரண்டு பச்சைக் குழந்தைகள் கருப்பையாவின் போர்வையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

திரும்பவும் திண்டுக்கல் வந்து வத்தலக்குண்டு பஸ் பிடித்தோம். வழி நெடுக அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தாலாவது தேவலை. மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே குந்த வைத்து இருமிக்கொண்டிருந்தார் கருப்பையா. அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அண்ணே, நாங்க தப்பாச் சொல்லிட்டோம். அன்னைக்கு ரத்தம் மட்டுந்தான் பாத்திருந்தோம். சளி ரிப்போர்ட்டு இப்பத்தான் வந்திருக்கு. இது டிபி. மருந்து இருக்கு, மாத்திர சாப்பிட்டா சரியாப் போகும். புள்ளைங்களையும் பாக்கணும். இப்பவே கெளம்புங்க" என்றார். அவர் நிமிர்ந்து, "அம்புட்டுத் தெம்பாச் சொன்னீகளேம்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னது நான்தான் என்று அக்கா கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. கருப்பையா பிழைத்தார், குழந்தைகளும் தப்பின. நான் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்காவின் பிடிவாதம் தொடங்கியது. போனில் யார் கேட்டாலும் எந்தப் பரிசோதனை வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். ஆட்கள் எரிச்சல்படுவார்கள். "நார்மலா இல்லையா, ஒத்த வார்த்தையில சொல்லித் தொலைங்க" என்பார்கள். முதலாளியே அலுத்துக்கொண்டார். அக்கா மசியவில்லை.

ஒருநாள் டீ குடிக்கையில் என்னிடம் கொட்டினார். "கடையில தண்ணி பாட்டில் கேட்டா கூலிங்கா நார்மலாங்கிறான். வயித்தைக் கிழிக்காமப் பொறந்தா நார்மல் டெலிவரி. தெருவுல ஒருத்தன் தனியாப் பேசிட்டுப் போனா ஆளு நார்மலா இல்லங்கிறோம். இந்த ஒத்த வார்த்தைய வச்சு எம்புட்டு வேலைய முடிச்சுக்கிறோம் பாரு. படிச்சப்ப எனக்குச் சொல்லிக் குடுத்தது என்ன தெரியுமா? நோயில்லாத ஆளுகள்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு எந்த அளவுக்குள்ள வருதோ, அதுதான் நார்மல். அவ்வளவுதான். இந்த ஆளுக்கு நோயில்லைன்னு அதுல எங்க இருக்கு? கேக்குறவங்க பயத்துல கேக்குறாங்க, நாம அவசரத்துல சொல்லிப்புடுறோம்."

ஒரு சமயம் ஆயக்குடியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மகனுக்குப் பார்த்திருக்கும் பெண் எங்கள் லேபில் ரத்தம் கொடுத்திருப்பது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஏனுங்க, பொண்ணுக்கு எல்லாம் நார்மலுங்களா?" என்று ரகசியக் குரலில் கேட்டார். அக்கா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "உங்க பையனும் வந்து ரத்தம் குடுக்கட்டும். ரெண்டு ரிப்போர்ட்டையும் ரெண்டு பேரு கையிலயே குடுக்கிறேன், அவங்களே பேசிக்கட்டும்" என்றார். அந்த அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த வருடம் சிறுநீரகம் பழுதானது. சர்க்கரையை இத்தனை காலம் கவனிக்காமல் விட்டிருந்தார். ஊர் ரத்தத்தையெல்லாம் பார்த்தவர் தன் ரத்தத்தைப் பார்க்கவில்லை என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அவருடைய ரத்தம் எங்கள் லேபுக்குத்தான் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கடைசிப் பரிசோதனையும் வந்தது. அளவு மோசமாக எகிறிப் போயிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினேன். ரியாஸுக்கும் சொல்ல போனை எடுத்தேன். மத்தியானம்தான் நார்மல் என்றேன், இப்போது என்னவென்று சொல்வது? காலையில் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கீழே வைத்தேன். கருப்பையாவிடம் செய்தது கூட்டத்தில் வாய் தவறியது. இது தெரிந்தே செய்தது.

வியாழக்கிழமை டாக்டர் கையை விரித்த பிறகு சபுராதான் ரியாஸைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்தில்தான் டிக்கெட் கிடைத்தது. வந்து சேர்ந்தது சனிக்கிழமை காலை. அதற்கு முந்தின நாளே அக்காவைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். புதன்கிழமை சாயங்காலமே நான் சொல்லியிருந்தால் அவன் தன் அம்மாவைக் கண் திறந்திருக்கும்போதே பார்த்திருப்பான். அக்காவே தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் வியாழக்கிழமை மூன்று தடவை கேட்டார்: "ரியாஸு வாரானா விமலா?" வருகிறான் என்று நான் தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை பேகம்பூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் போய்விடப் பார்த்தேன். உள்ளே ரியாஸ் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதானாம்.

"ஆன்ட்டி, அம்மாதானே உங்களை அப்படிச் சொல்லச் சொன்னாங்க? என் வேலைக்கு ஆபத்து வந்துரும்னு பயந்து, அவங்கதானே நார்மல்னு சொல்லச் சொன்னாங்க?"

சபுரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வீடே என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கும். இல்லை என்று சொல்ல அக்கா உயிரோடு இல்லை.

"இல்ல தம்பி" என்றேன். "நீ போன் பண்ணினதே அம்மாவுக்குத் தெரியாது. நீ வாரியான்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் சொன்னேன். அன்னைக்கு மத்தியானம் சர்க்கரையும் உப்பும் வந்திருந்துச்சு. கிட்னி ரிப்போர்ட் வரல. வராததையும் சேத்துச் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்துச்சு, மோசமா இருந்துச்சு. அப்பவும் உன்னைய நான் கூப்பிடல."

அவன் என் கையை விட்டான். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்காத அவனுடைய பெட்டி கூடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

அக்கா, இதை எழுதும் வரை அவன் என்னோடு பேசவில்லை. நாளைக்கும் போவேன். கதவைத் திறப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். போய் வாருங்கள் அக்கா.