துரு பூசிய பக்கம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் துருவக்கா. கண்ணாடித் தகட்டில் இரும்புத் துருவை மெல்லிசாகப் பூசி உலையில் சுட்டெடுப்பது பதினொரு வருடமாக அவள் வேலை. அந்தத் தகட்டைத் தண்ணீரில் நிறுத்தி, கொஞ்சம் மின்சாரமும் கொடுத்து வெயிலில் வைத்தால், எதிரே இருக்கும் கம்பியில் ஹைட்ரஜன் குமிழ் விடும். அதுதான் எரிபொருள்.

அன்று குமிழே வரவில்லை. ஆய்வைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவுசெய்ய வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொருளே சரியில்லபோல."

ஆய்வை நடத்தும் மேடத்தின் முகம் செத்துவிட்டது. துருவக்கா குனிந்து தகட்டைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடியில் மின்சாரம் பாய்வது ஒரு பக்கம்தான். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துரு பூச வேண்டும். காலை அவசரத்தில் பார்த்தோமா? சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லார் வேலையும் போகும்.

தகட்டை எடுத்துத் துடைத்து, துரு இல்லாத பக்கத்தில் மீட்டரை வைத்தாள். முள் துள்ளியது.

"துரு மேல தப்பில்ல மேடம். நான்தான் பக்கம் மாத்திப் பூசிட்டேன்."

"இன்னிக்குத்தானா கெடச்சுது உங்களுக்கு?" என்றார் மேடம்.

உலைச் சூடு பார்க்க நேற்று சுட்ட நகமளவு துண்டு ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்து மாட்டினாள்.

"இந்தச் சில்லையா?" என்று வந்தவர் சிரித்தார்.

"சில்லுதான் சார். ஆனா மீட்டர் பாத்துப் பூசினது."

கம்பி நுனியில் கடுகளவு குமிழ் ஒன்று ஒட்டி நின்றது. பிறகு பிய்த்துக்கொண்டு மேலேறியது. அதன் பின்னால் இன்னொன்று. வந்தவர் சிரிப்பை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

மேடம் மீட்டரை எடுத்து, நாளைக்குத் துருவக்கா பூச வேண்டிய கண்ணாடிகளின் மேல் வைத்தார்.