ஏற்கெனவே வந்தவள்

லிப்ட் மெக்கானிக்குக்கு வாய் நன்றாகப் பேசும். பழுதான லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை வெளியிலிருந்தே பேச்சுக் கொடுத்து அழுகையை நிறுத்திவிடுவார். அந்த வாய்க்காகத்தான் சபையில் அவரை வீடு சந்திப்புக்குத் தலைவராகப் போட்டார்கள். சபை வளரவில்லையே என்று போதகருக்கு நெடுநாள் கவலை. இருக்கிறவர்களே இருந்தார்கள், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. ஜனங்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள், நாம்தான் தேடிப் போக வேண்டும் என்று அவர் பிரசங்கம் செய்தபோது முதலில் எழுந்து நின்றவர் மெக்கானிக். சுற்றுவட்டார அடுக்குமாடிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. காவலாளிகள் அவரைக் கண்டால் கேட்காமலே கதவைத் திறப்பார்கள். ஊழியத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அவருக்கே ஒரு மிதப்பு இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை போதகர், மெக்கானிக், அவர் மனைவி மூவரும் ஒரு கட்டடத்தின் மேல்மாடிக்குப் போனார்கள். பேக்கரி வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஒரு பெண் கதவைத் திறந்தாள். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது, இடுப்பில் குழந்தை. மெக்கானிக்கை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மெக்கானிக் வழக்கம்போல ஆரம்பித்தார். "எங்க சபை ஒரு குடும்பம் மாதிரிம்மா. யார் வந்தாலும் இடம் இருக்கு."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நான் வந்திருந்தேனே."

போதகருக்கு ஒரே சந்தோஷம், எப்போது என்று கேட்டார். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது என்றாள். அன்று நல்ல மழை, குழந்தை கைக்குழந்தை. யாரையும் தெரியாததால் முன்பக்கம் காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அது எங்கள் குடும்பம் உட்காரும் இடம், பின்னால் போய்க்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பின்னால் இடமில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பாட்டு நடக்கும்போதே வெளியே வந்துவிட்டாள்.

"கோவமா சொல்லலைங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

மெக்கானிக்குக்கு அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. ஈரக்குடையோடு பெஞ்சுகளுக்கு நடுவே, தன் இடம் போய்விட்டதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற மாமியார். ஒண்ணும் நினைச்சுக்காதீங்க சிஸ்டர் என்று தான் சொன்னது. வீட்டுக்குப் போவதற்குள் அதை மறந்தே போயிருந்தார். இப்போது மனைவி தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

போதகர் விடவில்லை. "யாரும்மா அது? அடையாளம் சொன்னாப் போதும்."

அவள் மெக்கானிக்கின் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஞாபகம் இல்லைங்க ஐயா. விடுங்க."

போதகர் அந்த வீட்டுக்காக ஜெபித்தார். முகம் தெரியாத அந்த மனிதரை மன்னிக்கும்படியும் வேண்டினார். மெக்கானிக் ஆமென் சொல்லவில்லை.

கீழே இறங்குவதற்குள் போதகர் ஆளை முடிவு செய்துவிட்டார். சபை வாசலில் நின்று ஆட்களை உட்காரவைக்கும் கடிகாரக் கடைக்காரராகத்தான் இருக்கும் என்றார். சிரிக்கவே தெரியாத மனிதர், உம்மணாமூஞ்சி என்றே அவருக்குப் பெயர். சிரித்துக்கொண்டே சொன்னதாக அந்தப் பெண் சொன்னது போதகருக்கு மறந்தே போயிற்று. மெக்கானிக் உம் கொட்டினார். அவ்வளவுதான் செய்தார். அடுத்த ஞாயிறு வாசலில் வேறொருவர் நின்றார். கடிகாரக்காரர் கடைசி பெஞ்சின் ஓரத்தில், என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தீங்களா? எங்கம்மாவுக்காகத்தானே அவளை எழுப்புனீங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

அந்த வார ஜெபக் கூட்டத்தில், அவளை எழுப்பியது தான்தான் என்று அவர் சொன்னார். எப்போதும் சரளமாக ஓடும் வாய் அன்று திக்கித் திணறியது. கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று நினைத்திருந்தார். யாரும் திட்டவில்லை. இதென்ன பெரிய விஷயம் பிரதர், எங்களுக்கும் வாய் தவறியிருக்கும் என்று ஒருவர் தோளைத் தட்டினார். நேற்றுவரை கடிகாரக்காரருக்காக அந்த வார்த்தையை ஒருவரும் சொன்னதில்லை என்பது மெக்கானிக்குக்கு உறைத்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கடைசியில் கடிகாரக்காரர் சொன்னார். "என்கிட்ட யாருமே கேக்கலையே."

போதகர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு மெக்கானிக் மனைவியோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. "அன்னைக்கு உங்களை எழுப்பினது நான்தாம்மா."

"தெரியும்ணா. கதவைத் திறந்ததுமே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"உங்க முகம் போன போக்கைப் பார்த்தேன். பக்கத்துல அக்கா வேற. வேணாம்னு விட்டுட்டேன்."

மறுபடி சபைக்கு வருவீர்களா என்று மனைவிதான் கேட்டாள். பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்குப் போய்க்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். அங்கே இடம் நெருக்கடிதான், ஆனால் போனதும் யாராவது குழந்தையை வாங்கிக்கொள்வார்களாம். நல்லதும்மா என்று மனதாரச் சொல்லிவிட்டு மெக்கானிக் படியிறங்க ஆரம்பித்தார். தான் சரிசெய்த லிப்ட் இருக்கிற நினைவே அவருக்கு இல்லை. மனைவியும் கூடவே இறங்கினாள்.

தலைவர் பொறுப்பே வேண்டாம் என்று போதகரிடம் சொல்லிப் பார்த்தார். போதகர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பேச்சு மட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது. கதவு திறந்ததும் முதலில் ஒன்று கேட்கிறார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது எங்க சபைக்கு வந்திருக்கீங்களா?"

பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். சில வீடுகளில் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்தேன் என்கிறார்கள். ஆராதனை முடிகிறவரை தன்னிடம் ஒரு ஆளும் பேசவில்லை என்றார் ஒரு பஸ் ஓட்டுநர். அவரைப் பார்த்த ஞாபகம்கூட மெக்கானிக்குக்கு இல்லை. காது சிவக்க, சமாதானம் ஒன்றும் சொல்லாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நின்று கேட்டார்.