தண்ணீர் வேண்டாமென்ற அருளப்பன்

போன செவ்வாய்க்கிழமை காலை திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில், எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கக்கூடிய முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். மலைக்குப் போகும் ஜீப்பிலிருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"சார், சேதி தெரியாதா? தண்ணிக்காரரு பூட்டாரு சார். மாரடைப்பாம்."

வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் நான் அன்று தேநீரையே மறந்தேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஜவ்வாது மலை முழுக்கத் தண்ணிக்காரர் என்று அறியப்பட்டவர் சுகாதார ஆய்வாளர் அருளப்பன். அடிவாரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணம் குறித்து அலுவலகத்தில் பல கதைகள் உலவின. எல்லாம் நான் கட்டியவை. ஊர் ஊராக நடந்து போய்க் கிணற்று நீரைச் சீசாவில் பிடிப்பார். ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டியில் வைத்துக் கீழே சோதனைக்கு அனுப்புவார். கெட்டுப்போன கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார். எழுபதுகளின் கடைசியில் அவர் வந்து சேர்ந்த அன்று, அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு "சேமியா ஐஸ் இருக்கா?" என்று கேட்ட ஒன்றிய அலுவலகத் தட்டச்சர் நான்தான்.

"கெட்ட தண்ணிதாங்க இருக்கு. ஒண்ணு குடுக்கட்டுமா?" என்றார் முகம் மாறாமல். அன்றே சிநேகமாகிவிட்டோம்.

அவர் தனியாளானது நெல்லிவாசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். அந்த ஊரே குடித்தது பெரியதனக்காரர், அதாவது ஊர்த்தலைவர், சின்னாண்டியின் சொந்தக் கிணற்று நீரை. மழைக்காலம் வந்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. முந்தின மழையில் ஒரு குழந்தை இறந்தே போயிருந்தது. தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று சோதனை முடிவு வந்தது. அதைச் சொல்லப் போனவருக்கு, வீடு தேடி வந்தவராயிற்றே என்று சின்னாண்டியின் மனைவி சொம்பில் தண்ணீர் நீட்டினார். அருளப்பன் "வேணாங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டார்.

அங்கே ஒரு வீட்டுத் தண்ணீரை மறுப்பது அந்த வீட்டையே மறுப்பது. சின்னாண்டி எழுந்துவிட்டார்.

"எங்க கையால குடிச்சா கொறஞ்சி பூடுவியா நீ? கெணறு என்னுது. ஒம் மருந்த எடுத்துனு கீழ போ."

சொந்தக் கிணறு. சொந்தக்காரர் தலையசைக்காமல் ஒரு கரண்டி பவுடர்கூடப் போட முடியாது. செய்தி சுற்றுவட்டாரமெல்லாம் பரவ, பிறகு எந்த வீட்டிலும் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் பன்னைப் பிய்த்துத் தின்று, கையோடு கொண்டுபோன தண்ணீரைக் குடிப்பார். நாய்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

"நாய்ங்களுக்கு எம்மேல வருத்தம் இல்லீங்க" என்பார்.

அடுத்த மழை தொடங்கியதும் மறுபடி அந்த ஊருக்குக் கிளம்பினார். பலாப்பழம் கிடைக்கும் என்று நம்பி நானும் ஒட்டிக்கொண்டேன். சின்னாண்டி கிணற்று மேட்டிலேயே நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் சொம்பில் மொண்டு நீட்டினார்.

"மொதல்ல குடி. அப்புறம் பேசு."

நான் அருளப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "யோவ், வேணாம்யா! அந்த ரிப்போர்ட்ட டைப் அடிச்சதே நான்தான்."

அவர் இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப மருந்து போடலாங்களா?" என்றார். சின்னாண்டி கிணற்றடியை விட்டு விலகினார்.

இரண்டொரு நாளில் அருளப்பன் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றப்பட்டுக் கிடந்தார்.

"காய்ச்சிக் குடுன்னு கேட்டிருக்கலாமேய்யா?" என்று திட்டினேன்.

"வெந்நி நோயாளிக்குக் குடுக்கறதுங்க. விருந்தாளிக்கா குடுப்பாங்க?"

அந்த மழையில் ஊர்ப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர் தனிமை மட்டும் தீரவில்லை. இப்போது போனால் பாய் விரித்தார்கள், கைகட்டி நின்றார்கள். "ஐயாவுக்கு நம்ம தண்ணி ஒத்துக்காது" என்று பயந்து தண்ணீரோ சாமைச்சோறோ கண்ணில் காட்டவில்லை. சில வருடங்கள் கழித்து, அதே மரத்தடியில் பன்னைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "முன்ன கோவத்துல குடுக்கல. இப்ப மரியாதையில குடுக்கல. பன்னு அதே பன்னுதாங்க."

அடிவாரத்தில் அவர் வீட்டில் இறங்கினேன். அடக்கத்துக்குக் கூட்டமில்லை. சின்னாண்டி மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். களைத்து நின்றவரிடம் அருளப்பனின் அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். வாங்கிய சின்னாண்டி, குடிக்காமல் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா கெணத்துத் தண்ணிம்மா? மருந்து போட்டீங்களா?"

அந்த அம்மாவுக்கு அழுகையோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "சாவு வூட்ல வந்து கேக்கற கேள்வியாய்யா இது? எங்க தண்ணி ஒனக்கு எறங்காதா?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் வாயை அடைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறேன் என்று யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அது உண்மையாகவும் ஆகிவிட்டது. நடந்தது புரிந்து என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரே மனிதர் பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தார்.

மூடுவதற்கு முன் குனிந்து, மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். போய் வாருங்கள், அருளப்பன். நான் சொல்லி நீங்கள் பதில் கொடுக்காமல் விட்டது இது ஒன்றுதான்.