மறுப்புச் சொல்லாத தேவமலர்

செலண்டாருக்கு உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தில், தேவமலர் எதற்கும் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. சாப்பிட்டு முடித்த தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தாலும் சாப்பிட்டுவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை விட்டுவிட்டுப் பசாருக்குச் சாமான் வாங்கப் போனால் பார்த்துக்கொள்வாள். மாமியார் இருசம்மாள் விடிந்ததிலிருந்து பேசினாலும் கேட்டுக்கொள்வாள். தங்கமான பெண் என்று லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு வேலையும் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவளின் ரத்தம் மட்டும் விட்டுக்கொடுக்கத் தெரியாத ரத்தம் என்பது பின்னால்தான் தெரியவந்தது. தெரிந்துகொள்ள ஒரு பிள்ளை போக வேண்டியிருந்தது.

அவள் தஞ்சோங் கிளிங்கில் பிறந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் ரெஜினால்ட் ஒருவன்தான் உறவு. அவன் கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்தான். தேவமலரைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போன பஸ்ஸை ஓட்டியவன் காளிதாஸ். ஒரு வருடம் கண்ணாடியில் பார்த்தான். அடுத்த வருடம் கோயிலில் தாலி கட்டினான்.

அந்தக் கல்யாணத்தில் ஐயர் நீட்டிய திருநீற்றை ரெஜினால்ட் நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை. கையில் மரியாதையாக வாங்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இருசம்மாளுக்கு அது போதும். சாமியைப் பையில் போட்டவன் தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று பந்தியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தேவமலர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். இருசம்மாள் வழக்கங்களை விடாதவள். ஆனால் இந்த வழக்கத்தை விட்டாள். தன் வீட்டு ரத்தம் கண்டவன் வீட்டில் போய்ப் பிறக்காது என்றாள். தொண்ணூறாம் ஆண்டு குகன் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான். எல்லாம் பாட்டன் சாயல் என்று பார்க்க வந்தவர்களிடம் இருசம்மாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி தாய்க்குப் போட ஊசியோடு வந்தாள். பிள்ளை நன்றாக இருக்கும்போது தாய்க்கு எதற்கு ஊசி என்று இருசம்மாள் கேட்டாள். அடுத்த பிள்ளைக்காக என்று மிஸ்ஸி சொன்னாள்.

தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் போடும் ஊசி என்றால் ஒன்றே ஒன்றுதான், கருத்தடை ஊசி. எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமி அதைப் போட்டுக்கொண்டு ரொம்ப நாள் வயிறு திறக்காமல் இருந்ததை லயமே பேசியது. ஆகவே இருசம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. தன் வம்சத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மிஸ்ஸி விளக்கிப் பார்த்தாள். டாக்டரும் வந்து பார்த்தார். காளிதாஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டான். தேவமலரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

இரண்டாவது பிள்ளை உண்டானதும் இருசம்மாள் ஊருக்கெல்லாம் சொன்னாள். ஊசியைத் தடுத்ததால்தான் இந்தப் பிள்ளை என்றாள். மறுபடியும் ஊசியோடு வருவார்களே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே விடவில்லை. மருத்துவச்சி மீனம்மாவை வைத்து லயத்திலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. பிறந்து சில மணி நேரத்தில் உடம்பு மஞ்சள் பூத்தது. மகாலட்சுமியே மஞ்சள் பூசி வந்திருக்கிறாள் என்று இருசம்மாள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மறுநாள் குழந்தை பால் குடிக்க மறந்தது. காளிதாஸ் பஸ்ஸில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது தேவமலரின் மடியில் கனம் மட்டும்தான் இருந்தது.

பெயர் வைக்காத குழந்தை. அதனால் அதைப் பற்றிப் பேச வீட்டில் ஒரு சொல்லும் இல்லாமல் போயிற்று.

தொண்ணூற்றாறில் மூன்றாவது முறை உண்டானபோது காளிதாஸ் அம்மாவைக் கேட்காமலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே பாட்ரீசியா என்ற தமிழ் மிஸ்ஸி இருந்தாள். குண்டான உருவம், கூசாத வாய். தேவமலரின் ரத்தம் நெகட்டிவ், பிள்ளையின் ரத்தம் அப்பனைப் போலப் பாசிட்டிவாக இருந்தால் தேவமலரின் ரத்தம் அதை அழிக்கப் பார்க்கும், இரண்டாவது பிள்ளை அப்படித்தான் போனது என்று அவள்தான் உடைத்துச் சொன்னாள். ஒவ்வொரு முறை ரத்தத்தைச் சோதித்தபோதும் அந்த எதிர்ப்பு கூடிக்கொண்டுதான் இருந்தது. இந்தப் பிள்ளைக்கும் அதே கதிதானா என்பதே அந்த மாதங்களில் தேவமலரின் ஒரே நினைப்பு.

ஒருநாள் அவளே வாய் திறந்து கேட்டாள். “என் உடம்பு புள்ளையக் கொல்ற உடம்பா மிஸ்ஸி?”

“யாரு சொன்னா?” என்றாள் பாட்ரீசியா. “ஒரு முள்ளு குத்துனாக்கூட உடம்பு வெளிய தள்ளப் பாக்கும்லா. புள்ள பாதி உன் புருஷனோடது. நியாயத்துக்கு அதையும் தள்ளணும். ஆனா தள்ளாது. உடம்புல இருக்கிற காவல் அணுங்க நஞ்சுக்கொடி கிட்ட வந்து கூடும். இது வெளியாளுன்னு அதுங்களுக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் கம்பைக் கீழ போட்டுட்டு, புள்ளைக்கு ரத்தம் வர்ற வழியப் பெருசாக்கிக் குடுக்கும். குகனை அப்படித்தானே வளத்துக் குடுத்துச்சு உன் உடம்பு?”

“அப்ப ரெண்டாவது?”

“குகன் பொறக்கிறப்ப அவன் ரத்தம் கொஞ்சம் உன் ரத்தத்துல கலந்துருச்சு. வாசல்ல நின்னப்ப மரியாதை. கொல்லை வழியா உள்ள பூந்ததும் அடையாளம் வெச்சுக்கிச்சு. அடுத்த தடவை அதே அடையாளம் வந்ததும் அடிச்சிருச்சு. அந்த ஊசி போட்டிருந்தா, அடையாளம் வெக்கிறதுக்கு முன்னாடியே தொடச்சிட்டுப் போயிருக்கும். இப்பப் போட்டுப் பிரயோஜனம் இல்ல.”

தேவமலர் வீடு வரும் வரை அதை யோசித்துக்கொண்டே வந்தாள். வாசல் வழியாக வந்த தனக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதையையும் கொஞ்சம் யோசித்தாள்.

பத்து மாதம் நிறைவதற்கு முன்பே பிள்ளையை எடுத்துவிட வேண்டும், பிறந்ததும் அதன் ரத்தத்தை மாற்ற வேண்டும், அதற்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை, இந்த நாட்டில் அது கிடைப்பது அரிது, உறவில் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். கேட்ட இருசம்மாளுக்கு உடம்பில் புதுத் தெம்பு வந்தது. இரண்டு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். கொழுந்தன் மக்கள், அவர்கள் மக்கள், சாமிக்கண்ணு மாமா, எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதல் கை இருசம்மாளுடையது.

ஒருவர்கூடத் தேறவில்லை. அத்தனை பேரும் பாசிட்டிவ்.

“எங்க ரத்தத்துக்கு என்ன கொறைச்சல்? ஒரு நோய் நொடி கெடையாது,” என்றாள் இருசம்மாள்.

“நல்ல ரத்தம்தாம்மா,” என்றாள் பாட்ரீசியா. “அந்த நல்ல ரத்தம்தான் பிரச்சினையே. போய் எல்லாரும் மைலோ குடிங்க.”

பிரசவத்துக்காக வார்டில் சேர்த்திருந்த தேவமலர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“எங்க அண்ணன் ஓ நெகட்டிவ். ரத்தம் குடுக்கிறவரு. அவரைக் கூப்பிடுங்க,” என்று காளிதாஸிடம் சொன்னாள்.

காளிதாஸ் பழக்கதோஷத்தில் அம்மாவைப் பார்த்தான்.

“அங்க என்ன பாக்குறீங்க? போன் அங்க இருக்கு,” என்றாள் தேவமலர்.

கல்யாணமானதிலிருந்து அவள் யாருக்கும் இட்ட முதல் உத்தரவு அது. இருசம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ரெஜினால்ட் வேலை உடுப்போடு, சவர்க்கார வாசனையோடு வந்தான். ரத்தம் கொடுத்தான். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. அதே மஞ்சள் பூத்தது. இந்த முறை யாரும் மகாலட்சுமி என்று சொல்லவில்லை. அவனுடைய ரத்தமும் வேறெங்கிருந்தோ தேடி வரவழைத்த ரத்தமும் ஏறின. பிள்ளையின் பழைய ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இரண்டு முறை மாற்றினார்கள். மஞ்சள் வடிந்தது. பிள்ளை அழுதது. பாட்ரீசியா அதன் அழுகையைக் கேட்டு, பாட்டி குரல்தான், சந்தேகமே இல்லை என்றாள்.

இரண்டு சாமிக்கும் கோபம் வராத பெயராக நிர்மலா என்று வைத்தார்கள்.

இருசம்மாளுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. ஏற்றிய ரத்தம் பிள்ளையின் உடம்பில் எத்தனை நாள் இருக்கும் என்று டாக்டரைக் கேட்டாள். ஏறக்குறைய மூன்று மாதம், அதற்குள் பிள்ளையின் சொந்த ரத்தமே ஊறிவிடும் என்றார் அவர். இருசம்மாள் வீட்டுக்கு வந்து சட்டத்தைத் திருத்தினாள். பிள்ளை உடம்பில் அவன் ரத்தம் ஓடுகிற வரைக்கும் ரெஜினால்ட் வந்துபோகலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியாக ரெஜினால்ட் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வந்தான். தஞ்சோங் கிளிங் கரையில் வாங்கிய மீனோடு வந்தான். முதல் வாரம் அவனுக்கு வாசலில் நாற்காலி போட்டார்கள். மழை பெய்ததால் நாற்காலி உள்ளே வந்தது. மழை விட்ட பிறகும் யாரும் அதை வெளியே எடுத்துப் போடவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்தார்கள்; சொந்த ரத்தம் ஊறியிருந்தது, பாசிட்டிவ். நம்முடையது வந்துவிட்டது என்று இருசம்மாள் லயத்தில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். கெடு முடிந்தது ரெஜினால்ட் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அந்த ஞாயிறு அவன் வரவில்லை.

மத்தியானம் வரை இருசம்மாள் மீன்குழம்புக்குப் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

“எங்க ஒன் அண்ணன்?”

“மூணு மாசம் முடிஞ்சிருச்சே அத்தை.”

“அதுக்கு? கரைச்ச புளிய நான் என்ன பண்றது?”

அடுத்த ஞாயிறு ரெஜினால்ட் வந்தான். மீன் வாடிப்போயிருந்தது என்று இருசம்மாள் குறை சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். கொல்லைப்பக்கம் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து மீன் கழுவினார்கள்.

செதிலைச் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல் இருசம்மாள் கேட்டாள். “மலரு. அந்த ஊசியப் போட்டிருந்தா, அந்தப் பொண்ணு இருந்திருக்குமா?”

தெரியாது அத்தை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லித்தான் தேவமலருக்குப் பழக்கம். வாசலில் பிள்ளை எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

“இருந்திருக்கும்,” என்றாள் தேவமலர்.

இருசம்மாள் அந்த மீனைச் சுரண்டி முடித்தாள். பிறகு, சுத்தமாகிவிட்ட அதே மீனை எடுத்து மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தாள். தேவமலர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அடுத்ததைக் கொடுத்தாள்.